வேலையை விட்டுக் காட்டுயிர்ப் படக்கலைக்கு வரலாமா?

கேள்வி (கோவை, மென்பொருள் பொறியாளர்): ஐயா, வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் காட்டுயிர்ப் படம் எடுக்க விரும்புகிறேன். படங்களை விற்றே குடும்பம் நடத்த முடியுமா?

பதில்: படவிற்பனையை மட்டுமே நம்பி இறங்க வேண்டாம். புலி, யானைப் படங்கள் இணையத்தில் குவிந்து கிடப்பதால், தனிப்படம் ஒன்றுக்குக் கிடைக்கும் தொகை பெரும்பாலும் பயணச் செலவுக்கே போதாது. காட்டுயிர் எழுத்தாளரும் படக்கலைஞருமான மா. கிருஷ்ணனை எண்ணிப் பாருங்கள். சந்தூர் சமஸ்தானத்தில் பணியாற்றிய அவர், 1949இல் அது சென்னை மாகாணத்துடன் இணைக்கப்பட்டதும் சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் படங்களையும் கொண்டே வாழ்ந்தார். தி ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் தொடங்கிய பத்தியை 1996இல் மறையும்வரை எழுதினார். விலங்கின் நடத்தையை நேரில் கண்டு எழுத வல்லவர் என்பதாலேயே அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு அத்தனை மதிப்பு என்பது என் உறுதியான எண்ணம். கட்டுரை, பயிற்சி வகுப்பு, பறவை நோக்கல் பயணங்களுக்கு வழிகாட்டுதல், காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்புகளுக்கான ஆவணப் பணி ஆகியவற்றுள் இரண்டேனும் கைகூடி, ஓராண்டு வீட்டுச் செலவும் கையிருப்பில் சேர்ந்த பிறகு விலகல் கடிதம் கொடுங்கள்.

கேள்வி (மதுரை, வங்கி ஊழியர்): கடன் வாங்கி 600 மி.மீ. லென்ஸ் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தொடக்கத்துக்கு 100-400 மி.மீ. ஜூம் போதும், பெரிய லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது.

கேள்வி (திருச்சி, ஆசிரியை): வார இறுதியில் மட்டுமே நேரம் கிடைக்கிறது. காட்டுக்குப் போகாமல் பயிற்சி பெற முடியுமா?

பதில்: ஊர்க்குளமே போதும், அம்மா. கருப்பு வெள்ளை மீன்கொத்தி நீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, அலகைக் கீழ்நோக்கித் தாழ்த்தி, சட்டென்று பாயும். ஷட்டர் வேகத்தை (கேமராவுக்குள் ஒளி விழும் நேரத்தை) 1/2000 நொடிக்கு வைத்துக்கொண்டு, அந்த அலகு தாழும் கணத்தைக் கண்டுகொள்ளப் பழகுங்கள். கரையில் படுத்து, நீந்தும் முக்குளிப்பானின் கண்மட்டத்துக்குக் கேமராவை இறக்கிப் பார்த்தால், பின்னணி எவ்வளவு மென்மையாக மங்குகிறது என்பதும் விளங்கும்.

கேள்வி (நெல்லை, கல்லூரி மாணவர்): பறவைக் கூட்டைப் படமெடுக்கலாமா? அனுமதி தேவையா?

பதில்: கூட்டை நெருங்கவே கூடாது, தம்பி. மறைக்கும் கிளையை ஒதுக்கினால் வெயிலும் காகமும் குஞ்சுகளை எட்டிவிடும். ஆள் நடமாட்டத்துக்கு அஞ்சித் தாய்ப்பறவை கூட்டையே கைவிடவும் கூடும். சரணாலயத்துக்குள் படமெடுப்பதற்கான அனுமதியை, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, தலைமை வன உயிரினக் காப்பாளரே வழங்குகிறார். குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியேறிய பின்னும் தாய் சில நாள்கள் இரையூட்டும். அதைத் தொலைவிலிருந்து எடுங்கள்.