வதிவிட நாட்கள் குறைந்தவர் திரும்பிச் செல்லலாமா?

கேள்வி: கனடாவின் நிரந்தர வதிவாளரான நான், நோயுற்ற அம்மாவைப் பராமரிக்க ஹட்டனுக்கு வந்து மூன்றரை ஆண்டுகளாகின்றன. அட்டை இன்னும் 4 மாதங்கள் செல்லுபடியாகும். திரும்பிச் செல்லலாமா?

பதில்: ஐந்தாண்டுகளில் 730 நாட்கள் அங்கிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீங்கள் நிறைவேற்றவில்லை என்றாலும், அதிகாரி ஒருவர் முறைப்படி தீர்மானித்து அத்தீர்மானம் இறுதியாகும் வரை உங்கள் வதிவிட உரிமை தானாக அற்றுப்போவதில்லை. செல்லுபடியாகும் அட்டையுடன் விமானம் ஏறலாம். அங்கு இறங்கியதும் நாட்கணக்கு விசாரிக்கப்பட்டு வெளியேற்றக் கட்டளை பிறப்பிக்கப்பட்டாலும், 30 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அட்டை காலாவதியானாலோ இங்கிருந்தே பயண ஆவணம் கோர நேரும். ஆகவே தாமதிக்க வேண்டாம் என்பேன். மனிதாபிமானக் காரணங்களைக் கருத்திற்கொள்ளச் சட்டம் இடமளிப்பதால், அம்மாவின் வைத்தியசாலைப் பதிவுகளை, தோட்ட டிஸ்பென்சரியில் தந்த துண்டு உட்பட, ஆங்கில மொழிபெயர்ப்புடன் கொண்டுசெல்லுங்கள். கனடாவில் இருந்த நாட்களை மட்டும் உள்ளதைவிடக் கூட்டிச் சொல்லாதீர்கள்.