ஆடிப்பட்டத்துக்கு முன் மண்ணைத் தேற்ற: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சித்திரை பிறந்ததும் வரும் கேள்விகளில் பாதி, "மண்ணுக்கு என்ன போடலாம்?" என்றுதான் தொடங்குகின்றன. மண்ணுக்கு என்ன குறை என்று முதலில் பார்த்துவிட்டால், போட வேண்டியது பெரும்பாலும் குறைந்துவிடும். ஆடிப்பட்டத்துக்கு இன்னும் இரண்டரை மாதம் கையில் இருக்கிறது. வந்த கேள்விகளில் பலருக்கும் பொருந்தக்கூடிய சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

புது வீட்டின் பின்னால் அரை சென்ட் இடம் இருக்கிறது. கட்டியவர்கள் ஒரு லோடு செம்மண் கொட்டி நிரவிக் கொடுத்தார்கள். போன முறை வெண்டை முழங்கால் உயரத்திலேயே மஞ்சளடித்து நின்றுவிட்டது. என்ன உரம் போடலாம்? (மடிப்பாக்கம்)

உரம் வாங்கும் முன் ஒரு கடப்பாரை வாங்குங்கள். நாலு இடத்தில் ஓரடி ஆழத்துக்குக் குழி எடுத்துப் பாருங்கள். மேலே நாலு விரற்கடை செம்மண், அதற்குக் கீழே ஜல்லி, உடைந்த செங்கல், சிமென்ட் கட்டி என்று இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். புறநகர் மனைகளில் இதுதான் வழக்கம். சிமென்ட்டிலும் பூச்சுக் கலவையிலும் இருக்கும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடும். அப்புறம் மண்ணில் இரும்பு இருந்தாலும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது.

மஞ்சள் எங்கே தொடங்கியது என்று நினைவிருக்கிறதா? கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. அடி இலை முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை. நரம்பு மஞ்சளாகி நடுப்பகுதி பச்சையாக இருந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நரம்புத் தேமல் நோய்; அதற்கு மண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை, நோயைத் தாங்கும் ரகத்தைத்தான் தேட வேண்டும்.

இடிபாடு இருந்தால் ஓரடி வரை தோண்டிச் சலித்து எடுங்கள். முடியாத இடத்தில் செங்கல் அடுக்கி ஓரடி உயரப் பாத்தி கட்டி, வேறு மண் நிரப்புங்கள். மக்கிய எரு ஓர் அங்குலக் கனத்துக்குப் பரப்ப வேண்டும். உங்கள் இடத்துக்கு ஏழெட்டு அரிசி மூட்டை நிறைய வேண்டியிருக்கும். சாம்பல், முட்டை ஓடு, சுண்ணாம்பு மூன்றும் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

பாத்தி காய்ந்தால் மேலே வெள்ளை பூக்கிறது. ஜிப்சம் போட்டால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். (திருச்சி அருகே)

சரியாகலாம், காசு வீணாகவும் போகலாம். உங்கள் மண் உவரா களரா என்பதைப் பொறுத்தது அது. உவர் என்றால் மண்ணில் கரையும் உப்பு அதிகம். களர் என்றால் மண் துகளோடு சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அந்த மண் நனைந்தால் குழைந்து, காய்ந்தால் பாறையாகிறது. ஜிப்சம் களருக்குத்தான் மருந்து. அதிலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடித் தம்ளரில் மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றுங்கள். நிலக்கடலைப் பருப்பு அளவுள்ள காய்ந்த மண்கட்டி ஒன்றை மெல்ல உள்ளே விடுங்கள். கலக்கக் கூடாது, தம்ளரை அசைக்கவும் கூடாது. சில மணி நேரம் கழித்துக் கட்டியைச் சுற்றிப் பால் கரைந்தாற்போல் ஒரு கலங்கல் படர்ந்திருந்தால் சோடியம் இருக்கிறது என்று பொருள். கட்டி சும்மா உதிர்ந்து விழுந்து, தண்ணீர் தெளிவாகவே நின்றால் களர் அல்ல. போர்வெல் தண்ணீரில் இதைச் செய்யாதீர்கள். அதிலுள்ள உப்பே கலங்கலை எழவிடாமல் அமுக்கிவிடும்.

களர்தான் என்று தெரிந்தாலும் எத்தனை கிலோ என்பதை மண் பரிசோதனை நிலையம்தான் சொல்ல வேண்டும். மரத்தடி, எருக்குழி ஓரம் தவிர்த்து ஐந்தாறு இடங்களில் மண்வெட்டியால் 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, வெட்டிய சரிவிலிருந்து ஒரு சீவல் எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோவைத் துணிப்பையில் கொடுங்கள். கூடவே பாய்ச்சும் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொடுங்கள். தண்ணீரே உப்பாக இருந்தால் மண்ணை எத்தனை முறை திருத்தினாலும் அது பழைய நிலைக்கே வரும்.

ஜிப்சம் போட்டபின் தண்ணீரைத் தேக்கி வடிக்க வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கழன்ற சோடியம் வெளியேற வழி வேண்டாமா? வடிகால் இல்லாத பாத்தியில் ஜிப்சம் போட்டுப் பயனில்லை. அதன்பின் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டு விதையுங்கள். களரிலும் முகம் சுளிக்காமல் வளரும்.

எங்களுடையது கரிசல். இப்போது விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கிறது. மணல் கலந்தால் இளகும் என்கிறார்களே? (கோவில்பட்டி)

வேண்டாம். கரிசலின் குணம் மாற வேண்டுமானால் மண்ணுக்குச் சமமாக மணல் கொட்ட வேண்டியிருக்கும். அரைகுறையாகக் கலந்தால் முன்னைவிட இறுகும். இன்றைய மணல் விலையில் அதை யோசிக்கவே தேவையில்லை.

வெடிப்பைக் கண்டு கவலைப்படாதீர்கள். கரிசல் தன்னைத்தானே உழுதுகொள்வது அப்படித்தான். பொடித்த தொழு உரத்தை இப்போதே மேலே தூவிவிடுங்கள். கோடை மழை ஒன்று பெய்தால் போதும், வெடிப்பு வழியாக உங்கள் மண்வெட்டி போகாத ஆழத்துக்கு எரு இறங்கிவிடும். ஈரமாக இருக்கும்போது மட்டும் கொத்தாதீர்கள். ஒரு பிடி எடுத்து உருட்டிப் பெருவிரலால் அழுத்துங்கள். உதிர்ந்தால் வேலை செய்யலாம். நசுங்கினால் இரண்டு நாள் பொறுங்கள்.

பலதானிய விதைப்பு வீட்டுத் தோட்டத்தில் சாத்தியமா? விதை எங்கே வாங்குவது? (சேலம்)

தாராளமாகச் செய்யலாம். பல வகை விதைகளைக் கலந்து விதைத்து, வளர்ந்த செடிகளை மண்ணிலேயே மடக்கி உரமாக்குவதுதான் பலதானிய விதைப்பு. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன முறை இது. ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ என்பது கணக்கு. சென்ட்டுக்கு 200 முதல் 250 கிராம். தானியம், பயறு, எண்ணெய் வித்து, பசுந்தாள் உரச் செடி, வாசனைச் செடி என்று ஐந்து வகையிலும் கிடைத்ததைக் கலந்துகொள்ளலாம்.

விதைக்கு அலைய வேண்டாம், பாதி உங்கள் அடுக்களையிலேயே இருக்கிறது: கம்பு, சோளம், பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு, தோல் நீக்காத முழு உளுந்து, கடுகு, வெந்தயம், எள். கொத்தமல்லியை மட்டும் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள். உடைத்த பருப்பு முளைக்காது. கடையில் விற்கும் சாமை, தினை எல்லாம் உமி நீக்கி அரிசியாக்கியவை, அவையும் முளைக்காது. சணப்பையும் தக்கைப்பூண்டும் விதைக் கடையில்தான் கிடைக்கும்.

இன்னும் இரண்டு வாரத்துக்குள் விதைத்துவிடுங்கள். 45 முதல் 50 நாளில் பூவெடுக்கத் தொடங்கும்போது வெட்டி, துண்டாக்கி, நாலைந்து அங்குல ஆழத்தில் மண்ணோடு கலக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் வளரட்டுமே" என்று விட்டால் தண்டு முற்றி நாராகிவிடும், மக்கத் தாமதமாகும். கலந்தபின் இரண்டு மூன்று வாரம் ஈரம் காயாமல் விட்டுவிட்டால் ஆடி விதைப்புக்குச் சரியாக இருக்கும்.

வெட்டும் முன் ஒரு தட்டைப்பயற்றுச் செடியை வேரோடு மெல்லப் பெயர்த்துப் பாருங்கள். வேரில் சின்னச் சின்ன உருண்டைகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கும் வேலை நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். உள்ளே வெளுத்திருந்தால் அந்த உருண்டைக்குள் வாழும் நுண்ணுயிர் வேலை செய்யவில்லை. அடுத்த முறை விதையோடு ரைசோபியம் என்ற அந்த நுண்ணுயிர் உரத்தைக் கலந்து விதையுங்கள்.

ஒரே நிபந்தனை தண்ணீர். வைகாசியில் குடிக்கவே லாரித் தண்ணீர் வாங்கும் வீடாக இருந்தால் இதை விட்டுவிட்டு, மண்ணைச் சருகால் மூடி வையுங்கள்.

தக்காளியைப் பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கிறது. இதுவும் நல்ல நுண்ணுயிர்தானா? (திண்டுக்கல்)

இல்லை, இது வேருக்குள் புகுந்து வாழும், கண்ணுக்குத் தெரியாத நூற்புழுவின் வேலை. பயற்றுச் செடியின் உருண்டை வேருக்கு வெளியே ஒட்டியிருக்கும், தேய்த்தால் உதிரும். நூற்புழு முடிச்சு வேரே வீங்குவது; பிய்த்தால் வேரும் கூடவே பிய்யும்.

உங்களுக்கு இந்தக் கோடை வெயில்தான் கைகொடுக்கும். பழைய வேர்களைப் பொறுக்கி அப்புறப்படுத்தி, பாத்தியை நன்றாக நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்டி விரித்து, ஓரங்களை மண் போட்டு மூடுங்கள். நான்கிலிருந்து ஆறு வாரம் அப்படியே இருக்கட்டும். கறுப்புத் தாளில் அடியிலுள்ள மண் அவ்வளவு சூடேறாது. பிரித்தபின் சென்ட்டுக்கு ஒன்றிரண்டு கிலோ வேப்பம் புண்ணாக்கைத் தொழு உரத்தோடு கலந்து போடுங்கள். தக்காளி, கத்தரி, வெண்டைக்கு அந்த இடத்தில் ஒரு பட்டம் ஓய்வு கொடுத்துச் செண்டுமல்லி நடுங்கள். மேலே சொன்ன பலதானியக் கலவை உங்களுக்கு வேண்டாம், பாசிப்பயறும் தட்டைப்பயறும் நூற்புழுவுக்குத் தீனி. சணப்பை மட்டும் விதைக்கலாம்.

தென்னை நார்க்கழிவு ஒரு வண்டி சும்மாவே கிடைக்கிறது. அப்படியே கொத்திவிடலாமா? (பொள்ளாச்சி)

கூடாது. பச்சை நார்க்கழிவில் கரிச்சத்து (கார்பன்) மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. விகிதம் நூறுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். அதை மக்கவைக்க வரும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை உங்கள் மண்ணிலிருந்துதான் எடுக்கும். ஆடியில் நட்ட நாற்று வெளுத்து நிற்கும். கோழி எருவோடு அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காட்டி, மாதம் ஒரு முறை புரட்டிவிடுங்கள். கறுத்துப் பொடிந்த பிறகு போடலாம். இந்த ஆடிக்குள் அது நடக்காது, தைக்குத் தயாராகிவிடும். அதுவரை அவசரம் என்றால் தென்னை வட்டப்பாத்தியில் மூடாக்காகப் போடுங்கள். அங்கே மண்ணோடு கலக்காமல் மேலேயே கிடப்பதால் தொல்லை குறைவு.

எருக்குழியில் பெருவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள். எருவையே கொட்டிவிடலாமா? (பட்டுக்கோட்டை)

புழுவைப் பொறுக்கிவிட்டு எருவை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பருமனில் எருக்குழியில் கிடைப்பது பெரும்பாலும் தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் புழு. உங்கள் ஊரில் அதை விட்டுவைத்தால் பக்கத்துத் தோப்புக்காரர் சும்மா இருக்க மாட்டார். கோழிகளை அவிழ்த்துவிட்டுக் குழியைக் கிளறுங்கள், மீதியை அவை பார்த்துக்கொள்ளும். சாணி வாடை போய் மண் வாசனை வந்த எருவை மட்டும் பாத்திக்குக் கொண்டுபோங்கள்.

முட்டை ஓடு, டீத்தூள், வாழைப்பழத் தோல் எல்லாவற்றையும் செடிக்கடியில் போடுகிறேன். எறும்புதான் வருகிறது. (மதுரை)

எறும்பாவது பயன்படுத்திக்கொள்கிறதே! எல்லாவற்றையும் மக்குத் தொட்டியில் சருகோடு போடுங்கள்.

பஞ்சகவ்யா, ஜீவாமிர்தம் மட்டும் ஊற்றினால் போதாதா? (ஈரோடு)

போதாது என்பது என் கருத்து. பஞ்சகவ்யா 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மி.லி. கலந்து இலையில் தெளிக்கப் பயிர் துளிர்க்கும். ஆனால் மண்ணில் மட்கு அதிகமாகாது. சாணம், கோமியம், வெல்லம் எல்லாம் சேர்த்துப் புளிக்கவைக்கும் ஜீவாமிர்தம் நுண்ணுயிரைப் பெருக்கும், ஆனால் தின்ன ஏதாவது இருந்தால்தானே அது பெருகும்? வெறும் மண்ணில், உச்சி வெயிலில் ஊற்றுவது வீண். முதலில் சருகு, வைக்கோல், கரும்புத் தோகை என்று ஏதாவது போட்டு மூடி, சாயங்காலமாக அதன்மேல் ஊற்றுங்கள்.

மூடாக்குப் போட்டால் கறையான் வருகிறது, பாம்பு வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். (காரைக்குடி)

கறையான் காய்ந்ததைத்தான் தேடி வரும். மூடாக்கை ஈரமாக வைத்திருங்கள், செடியின் தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விடுங்கள், வீட்டுச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளியே போடுங்கள். பாம்பு எலியைத் தேடித்தான் வரும். அது பதுங்க முழு மட்டையும் விறகுக் குவியலும்தான் வசதி. நறுக்கிய சருகு இரண்டு மூன்று அங்குலம் பரப்பியிருந்தால் பெரிதாக இடம் கிடைக்காது. தென்னை மட்டையை முழுசாகப் போடாமல் ஓலையைக் கழித்து நறுக்கிப் போடுங்கள். கை விட்டுக் கிளறும் முன் ஒரு குச்சியால் தட்டிப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.