நகையை அடகு வைக்கும் முன் ஒரு கணக்கு

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தேன். மகளுக்கு இன்ஜினியரிங் சீட்டை 'பிடித்து வைக்க' ஒரு கல்லூரியில் முன்பணம் கேட்கிறார்கள், சங்கிலியை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கலந்தாய்வு முடியும் வரை சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். ஒரிஜினல் டி.சி.யும் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்கிறீர்கள். அப்படியானால் மகளுக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் கிடைக்கும். கலந்தாய்வு வழியாகத் தனியார் கல்லூரியில் சேர்ந்தால் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணம் குறையும். நான்கு வருஷத்துக்கு ஒரு லட்சம், திருப்பிக் கட்ட வேண்டாத பணம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இது போய்விடும். இ-சேவை மையத்தில் இந்தச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் சேர்த்தே விண்ணப்பித்துவிடுங்கள்.

சரி, மீதிப் பணத்துக்குக் கடன். கல்விக் கடனுக்கான மத்திய அரசின் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 4 லட்சம் வரை வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பதில்லை. உங்கள் கைப்பணம் போடவும் தேவையில்லை. அப்பா கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். அவருக்குப் பழைய வண்டிக் கடன் பாக்கி ஏதாவது இருந்தால் இப்போதே முடித்துவிடுங்கள். மேனேஜர் முதலில் பார்ப்பது, பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினாரா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணைத்தான்.

அடுத்தது வட்டி. பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான். வருஷத்துக்கு 1 லட்சமாக நான்கு வருஷம் வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். முதல் வருஷம் வாங்கிய லட்சத்துக்கு 50,000, அடுத்ததற்கு 40,000, பிறகு 30,000, 20,000. ஆக, முதல் தவணை கட்டும் நாளில் கடன் 4 லட்சமாக இருக்காது, 5 லட்சத்து 40 ஆயிரமாக நிற்கும். பத்து வருஷத்தில் அடைப்பதென்றால் மாதத் தவணை சுமார் 5,300 ரூபாயிலிருந்து 7,100 ரூபாய்க்குப் போய்விடும்.

அந்த 1.40 லட்சத்தை மத்திய அரசே கட்டும் திட்டம் ஒன்று உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், தொழிற்படிப்பாக இருக்க வேண்டும், கல்லூரிக்கு நாக் (NAAC) அல்லது படிப்புக்கு என்.பி.ஏ. (NBA) என்ற தர அங்கீகாரம் இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் மாதம் 20,000 சம்பாதிக்கிறார் என்றால் தாராளமாகப் பொருந்தும். ஆனால் இது தானாக வராது. கடன் வாங்கும்போதே வருமானச் சான்றிதழைக் கொடுத்து, 'வட்டி மானியத்துக்குப் போட்டீர்களா சார்?' என்று வருஷா வருஷம் கிளையில் போய்க் கேளுங்கள். மகள் படிப்பைப் பாதியில் விட்டால் மானியமும் போகும்.

கலந்தாய்வில் கிண்டி பொறியியல் கல்லூரி மாதிரி தரவரிசையில் முன்னால் நிற்கும் இடம் கிடைத்தால், 2024 நவம்பரில் அறிவித்த பி.எம். வித்யாலட்சுமி என்ற மத்திய அரசுத் திட்டத்தில் ஈடோ ஜாமீனோ இல்லாமலே கடன் தருவார்கள்.

'உங்கள் ஊர் எங்கள் கிளைக்கு வராது' என்று சொல்லிக் கடன் கேட்டு வந்த ஒரு பையனை என் கண் முன்னாலேயே திருப்பி அனுப்பினார்கள். அந்தக் காரணத்தைச் சொல்லிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. உங்களிடம் அப்படிச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு மாறும்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்தாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவளைப் பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றினீர்களே, அதில்தான் பெரிய நஷ்டம். ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தகுதி வந்திருக்கும். அதில் சீட் கிடைப்பவர்களுக்கு விடுதிக் கட்டணம் உட்பட அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வந்திருக்கும். உங்களைக் குறை சொல்லவில்லை, நல்லதற்குத்தான் செய்தீர்கள். ஆனால் பையன் இப்போது அதே அரசுப் பள்ளியில் பத்தாவது படிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜூனில் அவனையும் மாற்றும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அந்த ஒதுக்கீடு அவனுக்கும் உண்டு, புதுமைப் பெண் போலவே பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரமும் உண்டு.