அணுக்கசிவு வந்தால் தப்பிக்க அயோடின் மாத்திரை வாங்கி வைக்கலாமா?

தாராளமாக வாங்கி வையுங்கள். ஆனால் போர்ச் செய்தி பார்த்துவிட்டு, அதைப் போட்டால் கதிர்வீச்சே அண்டாது என்று நினைத்துக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. அப்படி ஒரு மருந்து கிடையாது. அந்த மாத்திரையில் இருக்கும் பொட்டாசியம் அயோடைடு தைராய்டை மட்டும், அதுவும் கதிரியக்க அயோடினிடமிருந்து மட்டும் காப்பாற்றும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான், நல்ல அயோடின் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட்டால் கெட்டதற்கு இடமில்லை. நேரம் தவறினால் பிரயோஜனமில்லை. கசிவில் வரும் இன்னொரு கதிரியக்கப் பொருளான சீசியத்திடம் அதன் பருப்பு வேகாது.

2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலைக் கட்டடங்கள் வெடித்தபோது நாங்கள் டோக்கியோவில் இருந்தோம், கையில் பால்குடிக் குழந்தை. ஊரிலிருந்து மாமியார் போன் போட்டு, "கழுத்துல பீட்டாடைன் தடவும்மா, பிபிசியிலயே சொல்லிட்டானாம்" என்றார். காயத்துக்குப் போடும் பீட்டாடைனில் அயோடின் இருப்பதை வைத்து ஆசியாவில் சுற்றிய பொய் எஸ்எம்எஸ் அது. அவரை மட்டும் சொல்லி என்ன, ஜப்பானிலேயே வாய் கொப்பளிக்கிற அயோடின் மருந்தைக் குடிக்காதீர்கள் என்று கதிரியக்க மருத்துவ ஆய்வு நிறுவனம் அறிவிக்க வேண்டியிருந்தது.

எங்களுக்கு நிஜமான சிக்கல் தண்ணீரில் வந்தது. 21, 22 தேதிகளில் மழை. 23ஆம் தேதி, டோக்கியோவின் கனமாச்சி சுத்திகரிப்பு நிலையத் தண்ணீரில் கிலோவுக்கு 210 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அயோடின்-131, அதாவது கதிரியக்க அயோடின், இருக்கிறது, கைக்குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்றார்கள். பெரியவர்களுக்கு வரம்பு 300, குழந்தைகளுக்கு 100. சாயங்காலத்துக்குள் கடைகளில் பாட்டில் தண்ணீர் காலி, மிஞ்சியதெல்லாம் வெளிநாட்டுக் கடின நீர், பால் பவுடர் கலக்க ஆகாது. குழந்தைக்கு மூன்று பாட்டில் என்று அரசாங்கம் கொடுத்தது, ஒவ்வொன்றும் 550 மில்லி. மறுநாளே அளவு 79க்கு இறங்கிவிட்டது.

இதற்கா இவ்வளவு அலட்டல் என்று கேட்பவர்கள் சோவியத் உக்ரைனில் நடந்த செர்னோபில் அணு உலை விபத்தைப் பாருங்கள். 1986இல் அங்கே பிள்ளைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்ததற்கு முக்கியக் காரணம் அவர்கள் குடித்த, கதிரியக்க அயோடின் கலந்த பால். பக்கத்து போலந்து சில நாட்களுக்குள்ளேயே ஒரு கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அயோடின் கரைசல் கொடுத்துவிட்டது. ஆகவே மாத்திரையே வேண்டாம் என்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள்.

  

சரி, நீங்கள் பயப்படுவது அணுகுண்டுக்கு என்றால் முதல் வேலை உள்ளே இருப்பது. கான்கிரீட் கட்டடத்தின் நடுப்பகுதி, ஜன்னலை விட்டுத் தள்ளி. வெடித்து ஒரு மணி நேரத்தில் இருக்கும் கதிர்வீச்சு ஏழு மணி நேரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகும், இரண்டு நாளில் நூறில் ஒன்று. அதனால் முதல் 24 மணி நேரம், வேறு அறிவிப்பு வராதவரை, வெளியே தலைகாட்டாதீர்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் மேல் துணியைக் கழற்றிப் பையில் கட்டித் தள்ளி வைத்துவிட்டு சோப்புப் போட்டுக் குளிக்கணும், தலைக்கு ஷாம்பு போடலாம், கண்டிஷனர் கூடாது, கதிரியக்கத் துகள் முடியில் ஒட்டிக்கொள்ளும். மாத்திரை வாங்கினால் பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வயதுக்கு வயது அளவு மாறும்.