ஆற்றில் பார்த்தது நீர்நாய்தானா?

கேள்வி: மாலை மங்கும் நேரத்தில் ஒரு பழுப்புத் தலை ஆற்றைக் கடந்து போவதைப் பார்த்தேன். சட்டென்று மூழ்கியது, கொஞ்ச தூரம் தள்ளி எழுந்தது, அப்புறம் காணவில்லை. அது நீர்நாயா? பல முறை அதே இடத்துக்குப் போய்க் காத்திருந்தும் மறுபடி கண்ணில் படவில்லை. எப்படித் தேடுவது?

பதில்: நீர்நாயாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் தலையை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. மறுபடி போகும்போது தண்ணீரைப் பார்த்தபடி நிற்காதீர்கள், முதலில் கரையைப் பாருங்கள். ஒரு நீர்நாய் பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஆற்றைச் சுற்றிவரும். உங்கள் கண்முன்னால் இருக்கும் மடுவில் அது சில நிமிடங்கள்தான் இருக்கும். அது விட்டுப்போன தடமும் எச்சமும் நாள்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

முதலில் நீங்கள் பார்த்த அந்தத் தலை. நீர்நாயின் தலை தட்டையானது, காது மிகச் சிறியது, கழுத்து ஏறக்குறைய தலையின் அகலத்துக்கே இருக்கும். நீந்தும்போது உடல் நீருக்குள் அமிழ்ந்திருக்கும். தலை மட்டும் தெரியலாம், அல்லது தலை, முதுகு, வால் என்று மூன்று மேடுகள் வரிசையாகத் தெரியலாம். மூழ்கும்போது முதுகு வில்லாக வளையும், கடைசியில் வால் மேலே எழும்பி மறையும். அந்த வால் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அடியில் பருத்து நுனிவரை சீராகச் சிறுத்துப்போகும் கனமான வால் என்றால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. மூழ்கிய பிறகு நீர்ப்பரப்பில் குமிழிகள் சங்கிலிபோல நகர்வதும் நல்ல அடையாளம். அடர்ந்த ரோமத்துக்குள் சிக்கிய காற்று வெளியேறுவதால் வருபவை அவை.

குழப்பம் எந்த விலங்கோடு வரும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மிங்க் என்ற சிறு ஊனுண்ணி, பீவர், மஸ்க்ராட், நியூட்ரியா என்ற கொறிவிலங்குகள் எல்லாம் தண்ணீரில் நீந்துபவை. மிங்க் சிறியது, நீந்தும்போது முதுகு முழுக்க வெளியே மிதக்கும். பீவரின் வால் அகலமான பட்டை, மஸ்க்ராட்டின் வால் மெலிந்தது, நீரில் பக்கவாட்டில் நெளியும். நியூட்ரியாவுக்கு ஆரஞ்சு நிற முன்பற்கள் உண்டு. தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் நீர் உடும்பையும் நீர்க்காகத்தையும் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். உடும்பின் உடல் பாம்புபோலப் பக்கவாட்டில் நெளியும், நீர்நாயின் முதுகு மேலும் கீழுமாக வளையும். கடலோரத்தில் நீர்நாயைக் கண்டதும் கடல் நீர்நாய் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். மல்லாந்து மிதந்தபடி மார்பில் வைத்துச் சாப்பிடுவது கடல் நீர்நாய். ஆற்று நீர்நாய்களும் கடலோரத்தில் மீன் பிடிக்கும், ஆனால் பெரிய இரையைக் கரைக்குக் கொண்டுவந்துதான் தின்னும்.

சரி, இப்போது கரை. நீர்நாய்கள் எச்சத்தைத் தங்கள் அறிவிப்புப் பலகையாக வைத்திருக்கின்றன. அதனால் அதை ஒளித்துவைக்காமல் எடுப்பான இடத்தில் போடும். நீருக்கு மேல் துருத்திய பாறை, விழுந்து கிடக்கும் மரம், பாலத்தின் அடியில் இருக்கும் திட்டு, ஓடை வந்து கலக்கும் முனை, மணல் திட்டின் நுனி ஆகிய இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தைப் பயன்படுத்துவதும் உண்டு. அங்கே சுற்றியுள்ள புல் மட்டும் அடர்பச்சையாகச் செழித்திருக்கும். எச்சத்துக்குள் மீன் செதில், முள், நண்டு ஓடு நிறைந்திருக்கும். புதிதாக இருந்தால் கறுத்துப் பளபளக்கும், பழையது வெளுத்து உதிரும். யூரேசிய நீர்நாயின் எச்சத்தில் மீன் வாடையோடு காய்ந்த புல்லின் அல்லது மல்லிகையின் மணம் கலந்திருப்பதாக அனுபவசாலிகள் சொல்வார்கள். மிங்க்கின் எச்சம் குமட்டும். ஒரு குச்சியால் பிரித்துப் பாருங்கள், வெறுங்கையால் தொட வேண்டாம். ஒட்டுண்ணிகள் இருக்கலாம்.

தடத்துக்கு ஈரமான வண்டல் மண்ணும் மணலும்தான் நல்ல இடம். நீர்நாய்க்கு ஐந்து விரல்கள், ஒரு வளைவாக விரிந்து நிற்கும். மண் மென்மையாக இருந்தால் விரல்களுக்கு நடுவே சவ்வின் கோடும் தெரியும். பெரிய இனங்களில் தடத்தின் அகலம் சுமார் 6 முதல் 9 செ.மீ. நாய்க்கு நான்கு விரல்தான். ஆனால் இறுகிய மண்ணில் நீர்நாயின் ஐந்தாவது விரலும் பதியாமல் போகும், எனவே ஒரே ஒரு தடத்தை நம்பாமல் வரிசையாக நான்கைந்தைப் பாருங்கள். நாயின் தடம் நடுவில் மடித்தால் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும், நீர்நாயின் தடம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு அளவுகோலை வையுங்கள். அது இல்லாத படத்தை வைத்து யாராலும் அளவைச் சொல்ல முடியாது.

எந்த இனம் என்பதற்கு நீங்கள் இருக்கும் நிலப்பகுதியே பாதி விடை. இந்தியாவில் மூன்று இனங்கள் உண்டு. மென்ரோம நீர்நாய் 7 முதல் 11 கிலோ இருக்கும். அதன் வால் தட்டையானது, குடும்பமாகச் சேர்ந்தே திரியும். சிறுநக நீர்நாய் மிகச் சிறியது, நகங்கள் விரல் நுனியைத் தாண்டாது, நண்டு அதற்குப் பிடித்த இரை. யூரேசிய நீர்நாய் பெரும்பாலும் தனியாகவும் இரவிலும் நடமாடும். மூக்கின் மேல்விளிம்பு அதற்கு வளைந்து நெளிந்தும், மென்ரோம நீர்நாய்க்கு நேராகவும் இருக்கும். தூரத்தில் மூக்கு தெரியாது, ஆனால் நல்ல புகைப்படத்தில் இது மிக உதவும்.

புதிய எச்சம் கிடைத்த இடத்துக்கு எதிர்க்கரையில் உட்காருங்கள். விடியற்காலையும் அந்தியும் நல்ல நேரம். மனிதத் தொந்தரவு குறைந்த இடத்தில் பகலிலும் வரும். மனிதர்களுக்குப் பழகிவிட்ட சிங்கப்பூரின் மென்ரோம நீர்நாய்கள் நகரத்துக்கு நடுவிலேயே பட்டப்பகலில் மீன் பிடிக்கின்றன. காற்று உங்கள் முகத்தில் வீசட்டும், மறுபக்கம் வீசினால் உங்கள் வாசனை முன்னால் போய்விடும். பின்னால் மரமோ புதரோ இருந்தால் உங்கள் உருவம் வானத்தில் வெட்டித் தெரியாது. ஆற்றின் வளைவு, ஆழமான மடு, அதையொட்டிய ஆழமற்ற இடம் சேரும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். கண்ணோடு காதையும் பயன்படுத்துங்கள்: குட்டிகளும் தாயும் கூர்மையான சீட்டி ஒலியால் ஒன்றையொன்று அழைக்கும். கொக்குகள் கரையோரமாக வரிசையாக இடம்பெயர்ந்துகொண்டே இருந்தால், கீழே நீர்நாய் விரட்டும் மீனுக்காக இருக்கலாம். பைனாகுலர் 8 மடங்கு போதும், அந்திவெளிச்சத்தில் அதற்கு மேல் உருப்பெருக்கம் கை நடுக்கத்தைத்தான் அதிகமாக்கும்.

தானியங்கி கேமரா வைக்க நினைத்தால், நீரிலிருந்து ஏறும் வழியைவிட எச்சமிடும் திட்டை நோக்கி வையுங்கள். உடல் வெப்பத்தை உணர்ந்து இயங்கும் கருவி அது. நனைந்து வெளிவரும் நீர்நாயின் மேல்ரோமம் சுற்றுப்புறத்தோடு ஒத்த வெப்பத்தில் இருப்பதால் சில சமயம் கருவி தாமதமாகத்தான் விழிக்கும். திட்டில் அது சற்று நின்று மோந்து பார்க்கும், அந்த நேரம் போதும்.

வளை என்று தோன்றும் பொந்துக்குக் கிட்டே மட்டும் போகாதீர்கள். உள்ளே குட்டிகள் இருக்கலாம், மிரண்டுபோன தாய் அவற்றை வேறிடத்துக்கு மாற்றிவிடும். குட்டிகளோடு இருக்கும் நீர்நாய் கடிக்கவும் தயங்காது. நாயை அழைத்துப் போவது, மீன் போட்டு இழுப்பது, ஃபிளாஷ் போடுவது எல்லாம் வேண்டாம். நீர்நாய் தலையை நிமிர்த்தி உங்களையே உற்றுப் பார்த்து மூச்சைச் சீறினால் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், அசையாமல் இருங்கள், அது போன பிறகு பின்வாங்குங்கள். ரோமத்துக்காகவும் செல்லப்பிராணியாக விற்கவும் இவற்றைப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். மென்ரோம, சிறுநக இனங்களின் பன்னாட்டு வணிகத்தை 2019-ல் தடை செய்ய வேண்டிவந்தது அதனால்தான். படத்தைப் பகிருங்கள், ஆற்றின் பெயரைப் போடுங்கள், துல்லியமான இடத்தை மட்டும் வனத்துறைக்கோ ஆய்வாளர்களுக்கோ தனியாகச் சொல்லுங்கள். தேதி, நேரம், எச்சம் புதியதா பழையதா, எத்தனை விலங்கு என்ற நான்கையும் அந்த இடத்திலேயே எழுதிவையுங்கள்.