பிக் ஸ்டாரின் முதல் ஆல்பம் ஏன் விற்கவில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ராக் குழுவான பிக் ஸ்டாரின் ‘நம்பர் ஒன் ரெக்கார்ட்’ ஆல்பத்தை இப்போதுதான் கேட்டேன். 1972இல் வந்தபோதே விமர்சகர்கள் கொண்டாடியிருக்கிறார்கள். ஆனால் பத்தாயிரம் பிரதிகூட விற்கவில்லையாம். அந்தக் காலத்து ரசனைக்கு ஒத்துவரவில்லையா?

கா.

அன்புள்ள கா.,

ரசனையின் மேல் பழி போடாதீர்கள். வாங்கப் போனவர்களுக்குக் கடையில் இசைத்தட்டு கிடைக்கவில்லை.

அது மெம்பிஸ் நகரத்தின் ஆர்டென்ட் ஸ்டுடியோவில் பதிவானது. ஆர்டென்ட் சிறிய நிறுவனம் என்பதால் விநியோகம் ஸ்டாக்ஸின் பொறுப்பில் இருந்தது. ஸ்டாக்ஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த சோல் இசையில் கொடிகட்டிப் பறந்த நிறுவனம்; அதன் ஆட்களுக்கு நெருக்கமான வானொலி நிலையங்களும் கடைகளும் சோல் இசைக்கானவை. கிதார் ராக் ஆல்பத்தை யாரிடம் கொண்டுபோவது என்பதில் அவர்களுக்குப் பிடிமானம் இல்லை.

அன்றைய வியாபாரத்தில் நாள் கணக்கு முக்கியம். ஓர் ஊர் நிலையம் ஒரு பாட்டைப் போடத் தொடங்கினால் அந்த வாரமே அவ்வூர்க் கடையில் சரக்கு இருக்க வேண்டும். எது விற்கிறது என்று கடைகளுக்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் நிலையங்கள் பாட்டுப் பட்டியலைத் தயாரித்தன. தட்டு இல்லாத கடையில் விற்பனை பூஜ்யம். அடுத்த வாரம் பாட்டும் பட்டியலிலிருந்து போய்விடும். இரண்டு வாரத் தாமதம் ஓர் ஊரையே இழக்கப் போதும்.

அந்த ஆண்டுக் கடைசியில் ஸ்டாக்ஸ் தன் விநியோகத்தைக் கொலம்பியா என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. இனி விடிவு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஸ்டாக்ஸ் நம்பியிருந்த சிறு விநியோகஸ்தர்கள் கொலம்பியாவுக்கு வேண்டியிருக்கவில்லை. கடைகளில் இருந்த கொஞ்சநஞ்சப் பிரதிகளும் அகற்றப்பட்டன. என்னால் இன்றும் ஜீரணிக்க முடியாத இடம் இது. அந்த ஒப்பந்தத்தைச் செய்த கொலம்பியாவின் தலைவர் கிளைவ் டேவிஸ் 1973இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். இரு நிறுவனங்களுக்கும் உரசல் முற்றியது. 1974இல் வந்த இரண்டாவது ஆல்பமான ‘ரேடியோ சிட்டி’ அதில் நசுங்கியது. 1975 டிசம்பரில் ஸ்டாக்ஸ் திவாலானது.

சரக்கு அளவுக்கு மிஞ்சினாலும் ஆபத்துதான். விற்காத தட்டைக் கடைக்காரர் திருப்பி அனுப்பலாம் என்பது வழக்கம். பெரும் விற்பனைக்கான பிளாட்டினம் சான்றிதழோ கடைகளுக்கு அனுப்பிய எண்ணிக்கையைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது. 1978இல் ‘சார்ஜென்ட் பெப்பர்’ படத்தின் பாடல் தட்டு அப்படித்தான் பிளாட்டினம் வாங்கியது; பிறகு மலைமலையாகத் திரும்பி வந்தது. பழைய விற்பனைக் கணக்குகளைப் படிக்கும்போது, அது அனுப்பிய எண்ணா, விற்ற எண்ணா என்று முதலில் பாருங்கள். அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் ஆல்பம் பட்டியலும் 1991 வரை கடைக்காரர்கள் வாய்மொழியாகச் சொன்னதை நம்பித்தான் இருந்தது. அந்த ஆண்டுதான் பார்கோடு கணக்கு வந்தது.

ரசனை பற்றிய உங்கள் கேள்விக்கு ஒன்று சொல்கிறேன். ‘ரேடியோ சிட்டி’யில் உள்ள ‘செப்டம்பர் கர்ல்ஸ்’ பாட்டை பாங்கிள்ஸ் குழு 1986இல் தங்கள் ‘டிஃபரன்ட் லைட்’ ஆல்பத்தில் பாடியது. அந்த ஆல்பம் அமெரிக்காவில் 2ஆம் இடம்வரை ஏறியது. அதை வெளியிட்டதும் கொலம்பியாதான்.