கரும்புத் தோட்டத்து ஓரத்தில் ஒரு விமானப் பந்தயம்: ஸ்டேங்கர் வாசகருக்குப் பதில்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் ஸ்டேங்கர் அருகே ரிமோட் மாதிரி விமானம் பறக்கவிடும் சிறு குழு ஒன்றை நடத்துகிறோம். மொத்தம் 14 பேர். பள்ளி மாணவர்களும் உண்டு, ஓய்வு பெற்ற பெரியவர்களும் உண்டு. ஒரு கரும்பு விவசாயி தமது மேய்ச்சல் நிலத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் தருகிறார். போன மாதம் முதன்முறையாகப் பந்தயம் வைத்தோம். வேகமான விமானம் வைத்திருக்கும் இருவரே எல்லாச் சுற்றிலும் வென்றார்கள். இரண்டு விமானங்கள் மோதி நொறுங்கின. கம்பத்தைச் சுற்றாமல் ஒருவர் குறுக்கே திரும்பிவிட்டார் என்று வாக்குவாதம் வந்தது. இப்போது பாதிப்பேர் "எங்களுக்குப் பந்தயமே வேண்டாம்" என்கிறார்கள். நட்புக் கெடாமல் இதை எப்படி நடத்துவது?

பதில்: அன்புள்ள நண்பருக்கு, நீங்கள் எழுதியிருக்கும் மூன்று தொல்லைகளும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது. வெவ்வேறு வேகமுள்ள விமானங்களை ஒன்றாகக் கிளப்பி, யார் முதலில் வருகிறார் என்று பார்த்தீர்கள். அப்படிச் செய்தால் பணம் செலவழித்தவர் வெல்வார்; பின்தங்கியவர் பதற்றத்தில் கம்பத்துக்கு முன்பே திரும்புவார்; முந்த நினைப்பவர் இடித்துக்கொள்வார். ஆகவே முதலில் வேகத்தைச் சமப்படுத்துங்கள்.

இதற்கு வழி இரண்டு உண்டு. எல்லோரும் ஒரே வகை விமானம் வாங்குவது முதலாவது: ஏறக்குறைய ஒரு மீட்டர் இறக்கை அகலமுள்ள நுரை விமானம், ஒரே மோட்டார், ஒரே அளவுப் புரொப்பெல்லர், மூன்று செல் கொண்ட 2200 மில்லி ஆம்பியர் மணி லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. இது மிகச் சிறந்த வழிதான் என்றாலும், 14 பேரையும் உடனே செலவழிக்கச் சொல்வது நியாயமாகாது. இரண்டாவது வழிக்குக் காசு தேவையில்லை. ஒவ்வொருவரும் தம்மிடம் இருக்கும் விமானத்தைத் தனியாக 10 சுற்றுப் பறக்கவிடட்டும். அப்படி மூன்று முறை நேரம் பார்த்துச் சராசரி எடுங்கள். ஒருவருக்கு 140 விநாடி, இன்னொருவருக்கு 118 விநாடி என்றால், போட்டியில் மெதுவானவர் முதலில் கிளம்புவார், வேகமானவர் 22 விநாடி காத்திருந்து கிளம்புவார். இருவரும் தமது வழக்கப்படியே பறந்தால் முடிவுக்கோட்டுக்கு ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்வார்கள். அன்று யார் கம்பத்தை ஒட்டிச் சுத்தமாகத் திரும்பினாரோ அவரே வெல்வார். நேரம் எடுக்கும் நாளில் வேண்டுமென்றே மெதுவாகப் பறக்கும் ஆசை யாருக்கும் வரக்கூடும். அதற்காக, தமது சராசரியைவிட 5 விநாடிக்கு மேல் விரைந்து முடிப்பவருக்கு அந்த ஆட்டத்தில் புள்ளி இல்லை என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

உங்கள் குழுவின் அந்த வேகமான இருவரையும் ஒதுக்கிவிட வேண்டாம். அவர்களுக்கு உள்ள ஆர்வம்தான் பிற்பாடு குழுவுக்குக் கைகொடுக்கும். உலக விமான விளையாட்டுக் கூட்டமைப்பின் எஃப் 3 டி என்னும் பிரிவில், மூன்று கம்பங்களை முக்கோணமாக நட்டு, சுற்றுக்கு 400 மீட்டர் வீதம் 10 சுற்று, அதாவது 4 கிலோமீட்டர் பறக்கிறார்கள். உங்கள் குழுவின் அந்த இருவர் மனமும் அங்கே இருக்கிறது. எனவே, பந்தயத்தின் நடுவே அவர்கள் ஒவ்வொருவராக, வானத்தில் வேறு விமானம் இல்லாத நேரத்தில், கடிகாரத்தை மட்டும் எதிர்த்துப் பறக்கட்டும். மற்றவர்களுக்கும் அது கண்ணுக்கு விருந்தாகும்.

வேகம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்கோடு சொல்லிவிடுகிறேன். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு கிலோ எடையுள்ள விமானம், கம்பத்தருகே 15 மீட்டர் ஆரத்தில் திரும்பும்போது அதன் இறக்கை நான்கு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பாரத்தைத் தாங்குகிறது. அதே திருப்பத்தை 180 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால் பாரம் 17 கிலோ ஆகிவிடும். வேகம் இரு மடங்கானால் பாரம் நான்கு மடங்கு. நிதானமாகப் பறப்பதற்கென்று செய்த விமானத்தில் பெரிய மோட்டாரைப் பொருத்திப் பந்தயத்துக்குக் கொண்டுவருபவருக்கு இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள்.

எனக்கு இதைக் கற்பித்தது ஒரு நைலான் திருகாணி. பல ஆண்டுகளுக்கு முன் என் விமானத்தின் இறக்கை, ஆறாவது சுற்றில், திருப்பத்தின் நடுவில் பிரிந்து பறந்தது. உடல் மட்டும் நேராகச் சென்று புல்லில் குத்தியது. இறக்கையைப் பிடித்திருந்த திருகாணியைத் தேடி எடுத்துப் பார்த்தால், தலைக்குக் கீழே முதல் மரையில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு ஓடியிருந்தது. உடைந்தது அந்தக் கோட்டில்தான். நைலான் இழுபட்டுக் களைத்தால் இப்படி வெளுக்கும். அன்று காலை நான் பார்த்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்கும். அதன்பின் திருகாணியைக் கழற்றி வெளிச்சத்தில் சுழற்றிப் பார்க்காமல் நான் பந்தயத்துக்குப் போனதே இல்லை. உங்கள் சோதனை மேசையிலும் இதையே முதல் வேலையாக வையுங்கள். அடுத்து, புரொப்பெல்லரில் கீறல் இருக்கிறதா, இறக்கை மடிப்புகளின் கீல்கள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாக, புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஓடவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். மோட்டார் தானாக நிற்க வேண்டும். நிற்காத விமானம் அன்று பறக்கக் கூடாது, அது யாருடையதாக இருந்தாலும் சரி.

இப்போது களத்துக்கு வருவோம். மூன்று கம்பம் வேண்டாம், இரண்டே போதும். 100 மீட்டர் இடைவெளியில் நடுங்கள். திருப்பங்களையும் சேர்த்தால் ஒரு சுற்று சுமார் 300 மீட்டர் வரும்; 90 கிலோமீட்டர் வேகத்தில் 12 விநாடி; 10 சுற்றுக்கு இரண்டு நிமிடம். புதியவருக்கும் பெரியவருக்கும் அது தாராளமான நேரம். கம்பம் என்றவுடன் மரத்தையோ இரும்பையோ நட்டுவிடாதீர்கள். மெல்லிய பிளாஸ்டிக் குழாயில் நிறத்துணியைக் கட்டி நட்டால், விமானம் மோதினாலும் குழாய் சாயும், விமானம் பிழைக்கும்.

கம்பங்களை எந்தத் திசையில் நடுவது என்பதில் பலர் தவறு செய்கிறார்கள். நம் கடற்கரையில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ, கரையை ஒட்டியே அடிக்கும். கம்பங்களும் அதே வடகிழக்கு–தென்மேற்குக் கோட்டில் இருந்தால் காற்று நேராக எதிரே வரும் அல்லது பின்னால் தள்ளும். குறுக்குக் காற்று விமானத்தை ஆட்களின் பக்கம் ஒதுக்காது. அடுத்தது சூரியன். வடக்கு அரைக்கோளத்தில் எழுதிய நூல்கள் வடக்கே பார்த்து நிற்கச் சொல்லும். நமக்கு நண்பகல் சூரியன் வடக்கேதான் இருக்கிறது என்பதால் அந்த அறிவுரையைத் திருப்பிப் போட வேண்டும். ஓட்டுபவர்கள் கடல் பக்கம், அதாவது தென்கிழக்கு நோக்கி நிற்கட்டும். விடியற்காலையைத் தவிர மற்ற நேரமெல்லாம் சூரியன் பக்கவாட்டிலோ முதுகுப் பக்கத்திலோ இருக்கும்.

எல்லோரும் இடப்பக்கமாகவே திரும்ப வேண்டும். விமானம் உங்கள் எதிரே இடமிருந்து வலமாகப் போய், வலக்கம்பத்தில் உங்களை விட்டு விலகித் திரும்பி, தூரத்துப் பாதையில் இடப்பக்கம் வந்து, இடக்கம்பத்தில் உங்களை நோக்கித் திரும்பும். இந்த இடக்கம்பத் திருப்பந்தான் ஆபத்தானது. அங்கே கட்டுப்பாடு போனால் விமானம் ஆட்களின் வரிசையை நோக்கியே வரும். ஆகவே இடக்கம்பத்துக்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது, காரும் நிறுத்தக் கூடாது. வலக்கம்பத்துக்கு அப்பால், உங்கள் எதிரே ஓடும் பாதை நீளும் திசையிலும் ஆள் வேண்டாம். ஓட்டுபவர்கள் நடுவிலிருந்து சற்று வலப்பக்கமாக, பாதையிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி நிற்கட்டும். குடும்பத்தினரும் சாப்பாட்டுக் கூடாரமும் அவர்களுக்கும் வெகுவாகப் பின்னால் இருக்கட்டும். பிள்ளைகள் ஓடி வருவார்கள் என்பதால் ஒரு கயிறு கட்டி, அதைக் கவனிக்க ஒரு பெரியவரை நிறுத்துங்கள்.

நாட்டுப் பொது விதியும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொழுதுபோக்காகப் பறப்பவர்களுக்கு விமானப் போக்குவரத்து ஆணையம் சொல்வது இது: விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் பறக்கக் கூடாது, அனுமதியின்றி ஆட்களுக்கும் கட்டடங்களுக்கும் 50 மீட்டருக்குள் போகக் கூடாது, 7 கிலோவுக்கு மேல் எடை கூடாது, அனுமதியில்லாமல் 150 அடிக்கு மேல் ஏறக் கூடாது. பந்தயம் பத்து மீட்டர் உயரத்தில் நடப்பதால் கடைசி விதி உங்களுக்குத் தடையாக இராது. ஆனால் டோங்காட், வெருலம் பக்கத்து நண்பர்கள் இதைப் பார்த்துத் தங்கள் ஊர் மைதானத்தில் தொடங்கிவிட வேண்டாம். 2010இல் லா மெர்சியில் கிங் ஷாகா விமான நிலையம் திறந்த பிறகு அந்த ஊர்கள் அதன் நிழலில் இருக்கின்றன. தென்னாப்பிரிக்க மாதிரி விமானச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்துவிடுவதும் நல்லது. பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு அதனோடு வருகிறது. நிலம் தரும் விவசாயிக்கும் அது நிம்மதி.

கம்பத்தைச் சுற்றாமல் முன்பே திரும்புவது, அதாவது கம்பம் ‘வெட்டுவது’ பற்றிய வழக்குக்கு ஒரே மருந்து, கண்ணால் பார்ப்பதற்கு ஒரு கோடு. கம்பத்துக்கு நேர் பின்னே, பாதையிலிருந்து விலகி, இரண்டு மூங்கில் குச்சிகளைக் கம்பத்தோடு ஒரே வரிசையில் வருமாறு நடுங்கள். நடுவர் அவற்றின் ஊடாகப் பார்த்து, விமானம் அந்தக் கோட்டைத் தாண்டியதும் கொடியை உயர்த்துவார். கொடி உயருமுன் திரும்பியவர் வெட்டியவர். ஒரு வெட்டுக்கு மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு கூட்டப்படும். இரண்டு வெட்டுக்கு அந்த ஆட்டத்தில் வெற்றிப் புள்ளி இல்லை. இடக்கம்பத்து நடுவர் மட்டும் 100 மீட்டர் பின்னே, நிறுத்திய பக்கி என்னும் சிறு லாரியின் மறைவில், தலைக்கவசத்தோடு நிற்க வேண்டும். நேர் எதிரே ஆள் கூடாது என்ற விதிக்கு இவர் ஒருவரே விலக்கு என்பதால் இந்தக் காப்பு இல்லாமல் அங்கே யாரையும் நிறுத்தாதீர்கள். இந்தப் பொறுப்பை ஒருவர் தலையிலேயே கட்டாமல், பறந்து முடித்தவர் அடுத்த ஆட்டத்துக்கு நடுவராகட்டும். தானும் கொடி பிடித்தவர் பிறர் கொடியோடு சண்டை போடுவது அபூர்வம்.

தொடக்கத்தில் ஒரே நேரத்தில் இரண்டு விமானங்களுக்கு மேல் வேண்டாம். முந்துபவர் வெளிப்பக்கமாகவும் மேலாகவும் கடக்க வேண்டும்; உள்ளே நுழைந்து முந்துவது தவறாகக் கணக்காகும். நேரத்தைச் சமப்படுத்தியதால் கடைசிச் சுற்றுகளில் இரண்டும் நெருங்கி வரும் என்பதை மறக்காதீர்கள். மோதலுக்கு இடம் அதுவே. அதற்காக ஒவ்வொரு ஓட்டுபவருக்கும் அருகில் ஒரு துணை நிற்க வேண்டும். ஓட்டுபவரின் கண் தன் விமானத்தை விட்டு அகலக் கூடாது. "மாமா, அவன் உள்ளே வருகிறான், கொஞ்சம் மேலே எடுங்கள்" என்று சொல்வது துணையின் வேலை. பெரியவர் ஓட்டும்போது மாணவரும், மாணவர் ஓட்டும்போது பெரியவரும் துணையாக நின்றால், பெரியவர்களுக்குக் கூர்மையான கண்ணும் பிள்ளைகளுக்கு நிதானமும் கிடைக்கும். 14 பேரும் ஆளுக்கு நான்கு முறை பறந்தால் 28 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு 5 நிமிடம் என்றால் 2 மணி 20 நிமிடத்தில் முடிந்துவிடும்.

புள்ளிகளில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வென்றவருக்கு 3, மற்றவருக்கு 2 என்பதோடு, விமானத்தை முழுசாகத் தரையிறக்கியவருக்கு இன்னும் ஒரு புள்ளி கொடுங்கள். உடைத்துக்கொண்டு வென்றவரும் பத்திரமாக இறக்கித் தோற்றவரும் சமமாக நிற்பார்கள். கவனமாகப் பறப்பவர்கள் மறுபடி வருவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

இறுதியாகத் தீ. உங்கள் நிலத்தைச் சுற்றிக் காய்ந்த கரும்பு நிற்கும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். விழுந்து நசுங்கிய லிப்போ பேட்டரி உடனே எரியாமல், சற்று நேரம் கழித்தும் தீப்பிடிக்கலாம். மோதிய விமானத்தைத் தேடப் போகும்போது மண் வாளியையும் மண்வெட்டியையும் கொண்டு செல்லுங்கள். உப்பிய அல்லது வளைந்த பேட்டரியை மண்ணில் வைத்து, ஆட்களிடமிருந்து தள்ளி, ஒரு மணி நேரமாவது கண்ணில் படும்படி வையுங்கள். அதை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது. குளிர்காலத்தில் மலைப்பக்கமிருந்து வறண்ட வெப்பக் காற்று வீசும் நாளில், விவசாயி சரி என்றாலும் நீங்களே பந்தயத்தைத் தள்ளிப்போடுங்கள். பேட்டரிகளை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு வாருங்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் பயன்பட்ட பேட்டரியை வீட்டில் மறுபடி நிரப்பும்போது எவ்வளவு திரும்ப ஏறியது என்று குறித்தால், 2200 மில்லி ஆம்பியர் மணியில் 1760க்கு மேல் யார் இழுக்கிறார் என்பது தெரியும். அவருடைய சுற்று எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.

ஜூன், ஜூலை மாதங்களில் காற்று அடங்கியிருக்கும் காலை நேரங்கள் இதற்கு உகந்தவை. ஆகஸ்டு முதல் வடகிழக்குக் காற்று வலுக்கும். வடக்கிலிருந்து வரும் பருந்துகளும் அப்போது தலைகாட்டும், அவை நுரை விமானத்தைச் சும்மா விடுவதில்லை. முதல் ஞாயிறு போட்டி வேண்டாம். கம்பங்களை நட்டு, 14 பேரின் நேரத்தையும் ஸ்டாப்வாட்சில் எடுத்து, ஒரு தாளில் எழுதி எல்லோரும் பார்க்க ஒட்டுங்கள். வரமாட்டோம் என்றவர்களையும் அன்று கொடி பிடிக்கவாவது அழையுங்கள். நேரம் எழுதிய தாளில் தம் பெயர் இல்லாததைப் பார்த்து, அடுத்த ஞாயிறு விமானத்தோடு வருவார்கள்.